டார்மை விட்டு சொராரிட்டி வீட்டுக்கு: கையெழுத்துக்கு முன்னால் என்ன கேட்க வேண்டும்?

ஈரோட்டுக்காரி | பிப்ரவரி 3, 2026

மகள் மிட்வெஸ்ட்டில் ஒரு பெரிய மாநிலப் பல்கலையில் முதல் வருடம், டார்மில் (பல்கலை விடுதியில்) இருக்கிறாள். ஆகஸ்டில் சொராரிட்டி (மாணவியர் சங்கம்) வீட்டுக்கு மாறப் போகிறாள். டார்மைவிடச் செலவு கம்மி, சாப்பாடும் அங்கேயே என்கிறாள். வாடகை வீடு மாதிரிதானே? பிடிக்கவில்லை என்றால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்தானே? கோல்ட் டார்ம் என்று ஏதோ சொல்கிறாள், அது என்ன? சின்ன ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ள விடுவார்களா?

செங்கல்வீடு | பிப்ரவரி 3, 2026

வாடகை வீடு மாதிரி இல்லை அக்கா. கட்டடம் பெரும்பாலும் ஹவுஸ் கார்ப்பரேஷன் என்கிற தனி அமைப்பின் பெயரில் இருக்கும். பழைய உறுப்பினர்கள் நடத்தும் லாப நோக்கற்ற நிறுவனம் அது. சில இடங்களில் சங்கத்தின் தேசியத் தலைமையகமே சொந்தக்காரர். ஸ்டான்ஃபோர்ட் மாதிரி சில பல்கலைகளில் பெரும்பாலான வீடுகள் பல்கலைக்கே சொந்தம். இந்த மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள். பணம் யாருக்குப் போகிறது, குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது, பிரச்சினை வந்தால் யார் மேல் புகார் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

உங்கள் மகளிடம் மூன்று காகிதங்கள் இருக்க வேண்டும்: போன வருடம் சேரும்போது போட்ட உறுப்பினர் ஒப்பந்தம், இப்போது போடப் போகும் ஹவுசிங் ஒப்பந்தம், சாப்டரின் (அந்தப் பல்கலையில் உள்ள சங்கக் கிளையின்) ஹவுஸ் ரூல்ஸ். ரூம் என்னவோ இரண்டாவதில்தான். ஆனால் கட்டிப்போடும் வரி பல நேரம் முதலாவதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்: "வீடு நிரம்பாவிட்டால் கூப்பிடுகிற உறுப்பினர் வந்து தங்க வேண்டும், தங்காவிட்டாலும் கட்டணம் உண்டு." இதைத்தான் லிவ்-இன் ரிக்வயர்மென்ட் என்பார்கள். ஒரு மாத நோட்டீஸ் என்கிற பேச்சே கிடையாது. ஒப்பந்தம் ஆகஸ்டிலிருந்து மே வரை முழுக் கல்வியாண்டுக்கு.

செங்கல்வீடு | பிப்ரவரி 3, 2026 (இரவு)

முக்கியமானதை விட்டுவிட்டேன். இரட்டைக் கையெழுத்து. அடுத்த வருட டார்ம் புதுப்பிப்பைப் பல பல்கலைகள் அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள்ளேயே திறந்துவிடுகின்றன. "எதற்கும் இருக்கட்டும்" என்று பிள்ளைகள் அதில் ஒரு கிளிக், பிறகு வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு கிளிக். இரண்டும் செல்லுபடியாகும். டார்ம் ரத்துக் கட்டணம் தேதியைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். இன்றைக்கே மகளின் ஹவுசிங் போர்ட்டலைத் திறந்து, அடுத்த ஆண்டுக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். மீல் பிளான் தனி உருப்படியாக இருக்கும். டார்மை ரத்து செய்தால் அதுவும் தானாக ரத்தாகும் என்று நினைக்க வேண்டாம்.

முதல் வருடமே மாற நினைப்பவர்களுக்கு: பல பல்கலைகளில் முதல் வருட மாணவர் வளாகத்தில்தான் தங்க வேண்டும். இல்லினாய் பல்கலையின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் பல்கலை சான்றளித்த தனியார் விடுதிகளும் அந்தக் கணக்கில் சேரும். அந்தப் பட்டியலில் சில கிரேக்க எழுத்து (சொராரிட்டி, ஃபிராட்டர்னிட்டி) வீடுகளும் இடம்பெற்றதுண்டு.

மிச்சிகன் மாமா | பிப்ரவரி 4, 2026

செலவு கம்மி என்பது உண்மையா பொய்யா, அதைச் சொல்லுங்கள் சார். அதுதானே கேள்வி.

செங்கல்வீடு | பிப்ரவரி 4, 2026

பாதி உண்மை சார். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. டார்மும் ஏழு நாள் மீல் பிளானும் சேர்ந்து 12,000 டாலர், வீட்டில் ரூமும் சாப்பாடும் 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 மிச்சம் போலத் தெரியும். வீட்டில் சமையல்காரர் சனி, ஞாயிறு வர மாட்டார். ஒரு செமஸ்டர் 15 வாரம், இரண்டுக்கு 30 வாரம், 60 வார இறுதி நாட்கள். நாளுக்கு 20 டாலர் வெளிச் சாப்பாடு என்றால் 1,200. மிச்சம் 1,800 ஆயிற்று. அதிலிருந்து சாப்டர் சந்தா, தேசியக் கட்டணம், தலைக்கு இன்ஷூரன்ஸ், பார்க்கிங். "சந்தா டார்மில் இருந்தாலும் கட்டத்தானே வேண்டும்" என்று மகள் மடக்குவாள், அது சரிதான். அதனால் சந்தாவை இரண்டு பக்கமும் போட்டுவிட்டு மீதியை மட்டும் ஒப்பிடுங்கள்.

வீட்டில் தங்காத உறுப்பினர்களுக்குப் பார்லர் ஃபீ என்று ஒன்று உண்டு. வீட்டின் பொது இடங்களைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். உள்ளே வந்து தங்கினால் இது போய்விடும். ஆக, அந்தத் தொகையை டார்ம் பக்கக் கணக்கில் கூட்டுங்கள். பிள்ளைகள் இதைச் சொல்ல மறப்பதில்லை, பெற்றோர்தான் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள்.

செங்கல்வீடு | பிப்ரவரி 5, 2026

நேற்றைய கணக்கில் ஓட்டை. வெள்ளி இரவை விட்டுவிட்டேன். பல வீடுகளில் சமையல் வெள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். 30 வெள்ளிக்கிழமை, வேளைக்கு 10 டாலர் என்றால் இன்னும் 300. மிச்சம் 1,500. எந்த வேளை உண்டு, எது இல்லை என்று வாரக் கட்டம் போட்டு எழுதி வாங்கினால் இந்தத் தப்பு வராது.

உதவித்தொகை வாங்குபவர்கள் கவனிக்க. டார்மில் இருந்தால் ஃபெடரல் உதவிப் பணத்தைப் பல்கலை தானே பிடித்துக்கொள்ளும், நமக்கு வேலையில்லை. தனியார் வீடு என்றால் பல்கலை தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மாணவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பும், நாம்தான் வீட்டுக்குக் கட்ட வேண்டும். செமஸ்டர் தொடங்குவதற்கு 10 நாளுக்கு முன்னால் அந்தப் பணத்தை விடுவிக்க ஃபெடரல் விதி அனுமதிப்பதில்லை. வீட்டின் முதல் தவணையோ ஜூலையிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ கேட்பார்கள். நடுவில் உள்ள அந்தச் சில வாரங்களுக்குக் கையில் பணம் வேண்டும். அல்லது தவணைத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி ஹவுஸ் கார்ப்பரேஷன் பொருளாளருக்கு மே மாதமே மின்னஞ்சல் போட வேண்டும். ஆகஸ்டில் கேட்டால் தாமதக் கட்டணம்தான் பதில்.

529 கணக்கு (கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) வைத்திருப்போருக்கு: மாணவர் குறைந்தது அரை நேரமாவது படித்தால் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எடுக்கலாம். பல்கலைக்குச் சொந்தமில்லாத வீடு என்றால், பல்கலையின் செலவு மதிப்பீட்டில் தங்குமிடம், உணவுக்குப் போட்டிருக்கும் தொகைதான் உச்சவரம்பு. சந்தா, டிஷர்ட், ஃபார்மல் விருந்து டிக்கெட் எதற்கும் எடுக்க முடியாது. ஒரே பில்லில் எல்லாம் கலந்து வந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

எஃப்-ஒன் தம்பி | பிப்ரவரி 6, 2026

அண்ணா, நான் F-1, மாணவர் விசா. ஃபிராட்டர்னிட்டி (ஆண் மாணவர் சங்கம்) வீடு. ஹவுஸ் மேனேஜர் ஆனால் வாடகையில் பாதி தள்ளுபடி என்கிறார்கள். எடுத்துக்கலாமா?

செங்கல்வீடு | பிப்ரவரி 6, 2026

பொறு தம்பி. வேலைக்குப் பதிலாக வாடகை கழிப்பதும் ஊதியம்தான். கட்டடம் தனியார் கார்ப்பரேஷனுடையது, அதாவது வளாகத்துக்கு வெளியே வேலை. F-1க்கு அனுமதியில்லாத வெளி வேலை விசாவையே பதம் பார்க்கும். பாத்திரம் கழுவினால் சாப்பாடு இலவசம் என்பதும் இதே வகையறா. பல்கலையின் சர்வதேச அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் தலையாட்டாதே. எல்லோரும் முறை வைத்துச் செய்கிற வாராந்திரத் துப்புரவு இதில் சேராது, அது உறுப்பினர் கடமை, யாருக்கும் சம்பளம் இல்லை.

இன்னொன்று. வீடு மாறின 10 நாளுக்குள் புது முகவரியைச் சர்வதேச அலுவலகம் வழியாகப் பதிய வேண்டும். டார்மிலிருந்து எதிர்த் தெருவுக்குப் போனாலும் அது மாற்றம்தான். கோடையில் வேறு எங்காவது தங்கினால் அதற்கும் தனியாக. ஈரோட்டு அக்கா, கிரீன் கார்டு என்றால் உங்கள் மகளுக்கும் அதே 10 நாள், AR-11 படிவம்.

விடுமுறை! இதை ஊருக்குப் போக முடியாதவர்கள் முதல் கேள்வியாகவே கேட்க வேண்டும். நன்றி நவிலும் வாரம், குளிர்கால விடுமுறை, வசந்த விடுமுறை மூன்றுக்கும் பல வீடுகளைப் பூட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் மூன்று, நான்கு வாரம். ஹீட்டரைத் தணித்து வைத்து, உள்ளே யாரும் இல்லை என்று கார்ப்பரேஷன் உறுதி செய்துகொண்டு பூட்டும். டார்மில் விடுமுறைத் தங்கலுக்கு என்று தனியாக ஒரு கட்டடமாவது பெரும்பாலும் திறந்திருக்கும். வீட்டில் அந்த வசதி கிடையாது.

ஈரோட்டுக்காரி | பிப்ரவரி 7, 2026

கோல்ட் டார்ம்?

செங்கல்வீடு | பிப்ரவரி 7, 2026

சொல்கிறேன். இண்டியானாவில், குறிப்பாகப் பர்ட்யூ பக்கம், இது சாதாரணம். ஆரிகன், வாஷிங்டன் பக்கம் ஸ்லீப்பிங் போர்ச் என்பார்கள். ரூமில் கட்டில் இருக்காது. மூன்று நான்கு பேருக்கு மேசை, அலமாரி, ஒரு சோபா, அவ்வளவே. தூங்குவதற்கு மட்டும் மேல் மாடியில் ஒரு நீளமான கூடம். இருபதிலிருந்து அறுபது பேர் வரை, இரண்டடுக்கு, மூன்றடுக்குக் கட்டில்கள் வரிசையாக. எப்போதும் இருட்டு. ஜன்னல் திறந்தே இருக்கும், ஜனவரியில்கூட. சுத்தக் காற்றில் தூங்கினால் காசநோய் அண்டாது என்று நூறு வருடத்துக்கு முன் நம்பினார்களே, அந்தக் காலத்துப் பழக்கம். இன்று அது ஓடுவதற்குக் காரணம் வேறு: கட்டில் வெளியே போனால் ரூமில் இடம் கிடைக்கிறது, ஒருத்தி விடியும்வரை படித்தாலும் இன்னொருத்தி தூங்கலாம்.

அங்கே பேச்சு கிடையாது, போன் வெளிச்சம் கிடையாது, சத்தமாக அலாரம் அடித்தால் ஊரே எதிரி. கையில் கட்டுகிற அதிர்வு வாட்ச் வாங்கிக் கொடுங்கள், தலையணைக்கடியில் போனை வைத்து அதிர விடுவதைவிட அது மேல். அந்தக் கூடத்தில் பிளக் பாயின்ட் குறைவு, இருந்தாலும் தலையணைக்கடியில் சார்ஜ் போடுவது தீ விபத்துக்கு அழைப்பு. போனை ரூமில் சார்ஜ் போட்டுவிட்டு, வாட்சோடு மேலே போவதே வழக்கம்.

கம்பளிப் போர்வை ஒன்று தடியாக வாங்குவதைவிட, மெல்லியது இரண்டும் மேலே ஒரு கம்ஃபர்ட்டரும் நல்லது. செப்டம்பரில் வெந்து, பிப்ரவரியில் உறையும் கூடம் அது. எலக்ட்ரிக் போர்வை பல வீடுகளில் தடை, கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் வாரத்துக்குள் வரிசை முழுக்க இருமும். காய்ச்சல் வந்தால் படுக்கத் தனி ரூம் உண்டா என்று கேளுங்கள், நல்ல வீடுகளில் ஒன்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

மேல் கட்டில் கிடைத்தால் ஒரு விஷயம். வீட்டு உபயோக பங்க் கட்டிலுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதி, தடுப்புக் கம்பி மெத்தை மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. நாம் அன்பாக 3 அங்குல ஃபோம் டாப்பர் வாங்கி மேலே போட்டால் மிச்சம் 2 அங்குலம். உருண்டு விழ அது போதும். மேல் கட்டிலுக்கு டாப்பர் வேண்டாம்.

மிச்சிகன் மாமா | பிப்ரவரி 7, 2026

ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க 9,000 டாலர். நம் ஊர் மொட்டை மாடி இலவசம்.

செங்கல்வீடு | பிப்ரவரி 8, 2026

மொட்டை மாடியில் கொசு இலவசம் சார்.

மின்சாரத்துக்கு வருவோம். பழைய வீடுகளில் படுக்கை அறை சர்க்யூட் 15 ஆம்பியர். 120 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட், தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80 சதவீதம் என்று பிடித்தால் 1,440. ஹேர் டிரையர் ஒன்றே 1,500இலிருந்து 1,875 வரை இழுக்கும். ஒரே சர்க்யூட் பல வீடுகளில் இரண்டு ரூமுக்கு ஓடும். கேம் டே (விளையாட்டுப் போட்டி நாள்) காலையில் பக்கத்து ரூமிலும் டிரையர் ஓடினால் டிரிப் ஆவது நிச்சயம். பிரேக்கர் பேனல் பேஸ்மென்ட்டில், அது பூட்டியிருக்கும், சாவி வீட்டை நிர்வகிக்கும் ஹவுஸ் டைரக்டரிடம். அதனால் டிரையரைக் குளியலறைப் பிளக்கில் மட்டும் போடச் சொல்லுங்கள்.

ஸ்பேஸ் ஹீட்டர் 1,500 வாட், எல்லா வீட்டிலும் தடை என்றே வைத்துக்கொள்ளலாம். மெழுகுவர்த்தி, ஹாலஜன் விளக்கு, ஹாட் பிளேட், ஒன்றின் வாலில் ஒன்றாகச் செருகிய எக்ஸ்டென்ஷன், எல்லாம் தடைப் பட்டியல். பிரேக்கர் உள்ள சர்ஜ் ஸ்ட்ரிப் ஒன்று, நேரே சுவரில். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே பாதி வேகத்தில் முனகும், சூட்கேஸில் இடத்தை வீணாக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1996 மே 12, வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் பட்டமளிப்பு நாள் காலை, ஃபை காமா டெல்டா ஃபிராட்டர்னிட்டி வீட்டில் தீ. ஐந்து மாணவர் இறந்தார்கள். அங்கே ஸ்பிரிங்க்ளர், அதாவது தீயை அணைக்கக் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் கருவி, இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஊர் ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது. எல்லா ஊரிலும் அப்படி விதி கிடையாது. வீட்டைப் பார்க்கப் போகும்போது தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். ரூமில், படிக்கட்டில், தூங்கும் கூடத்தில் ஸ்பிரிங்க்ளர் தலை தெரிய வேண்டும். மேல் மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி எது என்று மகளைக் காட்டச் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாவிட்டால் அன்றைக்கே தெரிந்துகொள்ளட்டும்.

ஸ்பிரிங்க்ளர் தலையில் துணி ஹேங்கர் மாட்டுவது தனிக் கொடுமை. உள்ளே உள்ள கண்ணாடிக் குப்பி உடைந்தால் தண்ணீர் நிற்காது, மூன்று மாடிக்கும் வெள்ளம், பில் அந்த ரூமுக்கு.

ஈரோட்டுக்காரி | பிப்ரவரி 9, 2026

ரைஸ் குக்கருக்கு இன்னும் பதில் வரவில்லை. இவள் முட்டைகூடச் சாப்பிட மாட்டாள்.

செங்கல்வீடு | பிப்ரவரி 9, 2026

சின்ன குக்கர் 300, 400 வாட்தான், மின்சாரத்துக்கு அது பாரமில்லை. ஆனால் சூடாக்கும் தகடு உள்ள எதையும் ரூமில் வைக்கக் கூடாது என்று ஹவுஸ் ரூல் சொல்லும். பொதுவாக ஒரு சின்னச் சமையல் மூலை, மைக்ரோவேவ், டோஸ்டர், குளிர்பதனப் பெட்டி இருக்கும். குக்கரை அங்கே வைக்க ஹவுஸ் டைரக்டரிடம் அனுமதி வாங்குங்கள், பல பேர் ஒத்துக்கொள்வார்கள். பெயர் ஒட்டி வையுங்கள். பெரிய சமையலறை வணிகச் சமையலறை, சமையல்காரர் போனதும் பூட்டிவிடுவார்கள். திறந்து கொடுத்தாலும் ஹூடைப் போடாமல் கடுகு தாளிக்கக் கூடாது. புகை டிடெக்டர் கூவினால் ஐம்பது பெண்கள் பைஜாமாவோடு தெருவில் நிற்பார்கள், தீயணைப்பு வண்டி வரும், சில ஊர்களில் பொய் அலாரத்துக்கு அபராதமும் வரும்.

சைவத்துக்கு "வெஜிடேரியன் உண்டா" என்று கேட்டால் "நிச்சயமாக" என்றுதான் பதில் வரும். அமெரிக்கச் சமையலறையில் அந்தச் சொல்லுக்குள் முட்டை அடக்கம். பொருள் பொருளாகக் கேளுங்கள்: சோறும் சூப்பும் சிக்கன் பிராத்தில் வேகிறதா, பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா, சாஸில் மீன் உண்டா, இனிப்பில் ஜெலட்டின் உண்டா. எழுதி, தேதி போட்டு, ஆகஸ்டுக்கு முன் சமையல்காரருக்கே அனுப்புங்கள். தினமும் ஒரு பருப்போ டோஃபுவோ வைக்கச் சொன்னால் பல பேர் செய்வார்கள், நாற்பது பேருக்கு மூன்று சைவம் இருந்தாலே ஒரு தட்டு போடுவது அவர்களுக்குச் சிரமமில்லை. வெறும் சாலட்டில் விட்டால் அவள் நவம்பருக்குள் வெளியே சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் அந்த 1,500உம் போச்சு.

லேட் பிளேட் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். லேப் ஏழு மணி வரை இருந்தால், முன்கூட்டிப் பெயர் எழுதி வைத்தால் தட்டை மூடி எடுத்து வைப்பார்கள். எழுதாவிட்டால் இல்லை.

கொலம்பஸ் வாசி | பிப்ரவரி 10, 2026

எங்கள் பல்கலையில் சொராரிட்டி வீடே கிடையாது என்கிறார்கள். ஆறு பெண்களுக்கு மேல் ஒரு வீட்டில் தங்கினால் விபச்சார விடுதி என்று பழைய சட்டமாம். உண்மையா?

செங்கல்வீடு | பிப்ரவரி 10, 2026

இந்தக் கதை அமெரிக்காவின் பாதி வளாகங்களில் சுற்றுகிறது சார். ஒரு ஊரில் ஆறு, இன்னொன்றில் எட்டு, வேறொன்றில் பன்னிரண்டு. சட்ட எண்ணைக் கேட்டால் யாரும் காட்ட மாட்டார்கள். வெறும் புரளி.

நிஜமாக இருப்பது மண்டல விதி. உறவினர் அல்லாதோர் ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்று ஊராட்சி வரம்பு வைக்கலாம். நியூயார்க்கின் பெல் டெர்ரே கிராமத்தில் ஸ்டோனி புரூக் மாணவர்கள் ஆறு பேர் ஒரு வீட்டை எடுத்தார்கள், அங்கே வரம்பு இரண்டு. 1974இல் உச்ச நீதிமன்றம் கிராமத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆணோ பெண்ணோ, விதி ஒன்றுதான்.

இது ஏன் இங்கே பொருத்தம் என்றால், தெற்காசிய ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டிகள். 1998இல் ஹூஸ்டன் பல்கலையில் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா, அதே ஆண்டு ஆஸ்டினில் தொடங்கிய டெல்டா எப்சிலன் சை மாதிரியானவை. நம் பிள்ளைகள் நிறையப் பேர் இவற்றில்தான் சேர்கிறார்கள். பெரும்பாலான சாப்டர்களுக்குச் சொந்த வீடு கிடையாது. "ஹவுஸ்" என்று அவர்கள் சொல்வது நாலைந்து உறுப்பினர்கள் சேர்ந்து எடுத்த சாதாரண வாடகை வீடு. அங்கே ஹவுஸ் டைரக்டர் இல்லை, சமையல்காரர் இல்லை, தேசிய அமைப்பின் கட்டட இன்ஷூரன்ஸ் இல்லை. லீஸில் பெயர் போட்ட பிள்ளைகள்தான் பொறுப்பு, ஒருவர் ஓடிப்போனால் மற்றவர்கள் அவர் பங்கையும் கட்ட வேண்டும். ஆனால் ஒரு நன்மை உண்டு, அதை நாளைக்கு எழுதுகிறேன்.

செங்கல்வீடு | பிப்ரவரி 12, 2026

நாளைக்கு என்றேன், இரண்டு நாள் ஆகிவிட்டது.

சாதாரண வாடகை வீட்டில் உங்கள் பிள்ளை வாடகைதாரர். முன்பணத்தைத் திருப்பித் தரக் கெடு, வெளியேற்ற முன்னறிவிப்பு எல்லாம் மாநிலச் சட்டம் தரும். ஃபிராட்டர்னிட்டி வீட்டில் அது இல்லாமல் போகலாம். பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட 1972ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: சகோதர அல்லது சமூக அமைப்பின் உறுப்பினர், அந்த அமைப்பின் நலனுக்காக நடத்தப்படும் கட்டடப் பகுதியில் தங்கினால், இந்தச் சட்டம் பொருந்தாது. அரிசோனா, ஆரிகன் சட்டங்களில் இந்த வரி அப்படியே இருக்கிறது. முதல் நாள் நான் "வாடகை வீடு மாதிரி இல்லை" என்று சொன்னதன் முழு அர்த்தம் இதுதான். உறுப்பினர் தகுதி போனால் ரூமும் போகும். மதிப்பெண் குறைந்து சஸ்பென்ட் ஆனாலும், சந்தா பாக்கி என்று நீக்கினாலும், 48 மணி நேரத்தில் காலி செய் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் காலி செய்ய வேண்டியதுதான். பணம் திரும்புமா என்பதை அந்த ஒப்பந்தம் மட்டுமே தீர்மானிக்கும்.

அதனால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். உறுப்பினர் தகுதி போனால் மீதிக் கட்டணம் என்ன ஆகும்? சாப்டரையே தேசியத் தலைமையகம் நடு செமஸ்டரில் மூடினால் தங்கியிருப்பவர்களுக்கு என்ன? யார் உடைத்தது என்று தெரியாத பொதுச் சேதத்தை எப்படிப் பங்கிடுவீர்கள், அதற்கு உச்சவரம்பு உண்டா?

மிச்சிகன் மாமா | பிப்ரவரி 12, 2026

சாப்டரை மூடுவது எல்லாம் ஃபிராட்டர்னிட்டிக்குத்தானே, சொராரிட்டிக்கு இல்லையே.

செங்கல்வீடு | பிப்ரவரி 13, 2026

சொராரிட்டியையும் மூடியிருக்கிறார்கள் சார். ஆனால் அபாயம் சமமில்லை என்பது சரி. சொராரிட்டிகளின் கூட்டமைப்பான நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸில் உள்ள சொராரிட்டிகள் பொதுவாகத் தங்கள் வீடுகளில் மதுவை அனுமதிப்பதில்லை. ஃபிராட்டர்னிட்டி பக்கம் ஃபை டெல்டா தீட்டா 2000இலேயே வீடுகளை மதுவற்றதாக்கியது. அவர்களின் பொதுக் கூட்டமைப்பு 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களை உறுப்பு அமைப்புகளின் வீடுகளில் தடை செய்தது, 2019 செப்டம்பர் 1 முதல் அமல், உரிமம் பெற்ற வெளி நிறுவனம் பரிமாறினால் மட்டும் விலக்கு. விதி ஒன்று, வெள்ளிக்கிழமை இரவு வேறு. விதியை மீறிய நிகழ்ச்சியில் விபத்து நடந்தால் அமைப்பின் இன்ஷூரன்ஸ் மீறியவரைக் கைவிடக்கூடும், அப்போது வழக்கு பெற்றோரின் வீட்டு இன்ஷூரன்ஸைத் தேடி வரும்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி இப்போது இருக்கிறது. 2024 டிசம்பரில் ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் சட்டம் கையெழுத்தானது. ராகிங் விதியை மீறியதாக முடிவான மாணவ அமைப்புகளின் பட்டியலைப் பல்கலைகள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும், முதல் அறிக்கைக்குக் கெடு 2025 டிசம்பர் 23. மகளின் பல்கலைப் பெயரோடு "ஹேசிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்" என்று தேடுங்கள். சாப்டர் பெயர், நடந்தது என்ன, என்ன தண்டனை, எந்தத் தேதி என்று இருக்கும். புரொபேஷனில் (தண்டனைக் கண்காணிப்பில்) உள்ள சாப்டரோடு ஆண்டு ஒப்பந்தம் போடுவது, இடிக்கப் போகும் கட்டடத்தில் கடை எடுப்பது மாதிரி.

ஈரோட்டுக்காரி | பிப்ரவரி 15, 2026

பார்த்தேன். இவள் சாப்டர் பட்டியலில் இல்லை. ஒப்பந்தத்தையும் படித்தேன், வீடு நிரம்பாவிட்டால் கட்டாயம் என்ற வரி உறுப்பினர் காகிதத்தில் இருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. ஆக, போகத்தான் போகிறாள். சாமான் என்ன எடுத்துப் போக?

செங்கல்வீடு | பிப்ரவரி 15, 2026

முதலில் தேதி. டார்ம் மே மாதம், கடைசித் தேர்வு முடிந்து பெரும்பாலும் 24 மணி நேரத்தில் காலி. வீடு திறப்பது ஆகஸ்ட். நடுவில் சாமான் எங்கே? நீங்கள் காரில் வரும் தூரம் என்றால் கவலையில்லை. இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்டோரேஜ் யூனிட், அதையும் மார்ச்சிலேயே பிடிக்க வேண்டும். கல்லூரி ஊரில் மே மாதம் கிடைக்காது. சொராரிட்டி என்றால் ரெக்ரூட்மென்ட்டுக்கு (புது உறுப்பினர் சேர்க்கைக்கு) முந்தைய தயாரிப்பு வாரமான ஒர்க் வீக்குக்காக வகுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே வரச் சொல்வார்கள். அந்தத் தேதியை வாங்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

மெத்தையை அளந்து பாருங்கள். டார்ம் கட்டில் ட்வின் எக்ஸ்எல், 38க்கு 80 அங்குலம். வீட்டில் சாதாரண ட்வின் இருக்கலாம், 38க்கு 75. டார்முக்கு வாங்கின ஃபிட்டட் ஷீட் அதில் தொளதொளவென்று சுருண்டு, நள்ளிரவில் முதுகுக்கடியில் கயிறாகிவிடும். டார்மில் மேசை, நாற்காலி, அலமாரி தருவார்கள். வீட்டில் என்ன தருவார்கள் என்பது ரூமுக்கு ரூம் மாறும், போன வருடம் அந்த ரூமில் இருந்தவளிடமே போட்டோ கேளுங்கள்.

லிஃப்ட் இருக்காது, படிக்கட்டு குறுகலாகத் திரும்பும். சின்ன பிரிட்ஜ் என்றால் 1.7 கன அடிக்குள். கோல்ட் டார்ம் வீடு என்றால் கட்டிலுக்கடியில் தள்ளும் பெட்டிகள் வீண், ரூமில்தான் கட்டிலே இல்லையே. உயரமாக அடுக்கும் பெட்டிகள் வாங்குங்கள். பழைய வீட்டில் ஏசி இருக்காது, ஆகஸ்டுக்கு 20 அங்குல பாக்ஸ் ஃபேன் ஒன்று. குளியலறை பொது, அதனால் செருப்பு, வாளி மாதிரி எடுத்துப் போகிற கூடை இரண்டும் டார்மில் வாங்கினதே போதும்.

முதல் நாள், ஒரு பெட்டியையும் உள்ளே வைக்கும் முன் ரூமின் நான்கு சுவர், தரை, ஜன்னல் கொக்கி, மெத்தையின் இரண்டு பக்கம், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தேதியோடு ஹவுஸ் டைரக்டருக்கு அனுப்பட்டும். மே மாதம் சேதக் கணக்கு வரும்போது அந்த மின்னஞ்சல்தான் பேசும்.

உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் முகவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். டார்மில் உள்ள பிள்ளையின் சாமானைப் பல பாலிசிகள் ஒரு வரம்புக்குள் காக்கும். தனியார் சாப்டர் வீடும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அடங்காவிட்டால் வாடகைக்கு இருப்போருக்கான தனி ரென்டர்ஸ் பாலிசி.

எஃப்-ஒன் தம்பி | பிப்ரவரி 16, 2026

அண்ணா, நெட்? டார்மில் பல்கலை வைஃபை பறக்கும்.

செங்கல்வீடு | பிப்ரவரி 16, 2026

தனியார் வீட்டில் சாதாரண கேபிள் கம்பெனி இணைப்புதான் தம்பி, நாற்பது பேர் பங்கு. நூலக ஜர்னல், லைசென்ஸ் மென்பொருள் எல்லாம் பல்கலை விபிஎன் வழியாகத்தான் திறக்கும். மே மாதம் டார்மை விடும் முன்னாலேயே அதை லேப்டாப்பில் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிடு. தேர்வு இரவில் போகும் வைஃபைக்கு நூலகம்தான் மருந்து.

செங்கல்வீடு | பிப்ரவரி 18, 2026

ஒரு திருத்தம், ஈரோட்டு அக்காவுக்கு. மேல் கட்டிலுக்கு டாப்பர் வேண்டாம் என்று எழுதினேன். எந்தக் கட்டில் என்று ஆகஸ்டில்தான் தெரியும் என்பதுபோல் அது ஒலிக்கிறது. பெரும்பாலான வீடுகளில் ரூம் டிரா (ரூம் ஒதுக்கீடு) ஏப்ரலிலேயே முடிந்துவிடும். சீனியாரிட்டி, பாயின்ட், மதிப்பெண் மூன்றையும் கலந்து வரிசை போடுவார்கள், இரண்டாம் வருடப் பிள்ளைக்குக் கடைசியில்தான் முறை வரும். கூட்டங்களுக்கு, தொண்டு வேலைக்குப் போனால் பாயின்ட் ஏறும், போகாவிட்டால் இறங்கும். இப்போது பிப்ரவரி. கீழ்க் கட்டில் வேண்டுமென்றால் அவள் இன்னும் ஆறு வாரம் ஒரு கூட்டத்தையும் விடக் கூடாது.

ஈரோட்டுக்காரி | பிப்ரவரி 18, 2026

சொன்னேன். "எனக்கு மேல் கட்டில்தான் வேண்டும், ஜன்னல் பக்கம்" என்கிறாள்.

மிச்சிகன் மாமா | பிப்ரவரி 18, 2026

கம்ஃபர்ட்டர் இரண்டாக வாங்குங்கள் அம்மா.